பஞ்சுக்கு வரி கூடாது, பனியனுக்குச் சலுகை வேண்டும்: கட்டற்ற சந்தை என்பதன் முழுக் கணக்கு

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குகள் மீதான அமெரிக்கக் கூடுதல் வரி 50 சதவீதமானது. அதற்கு எட்டு நாள் முன்பு, ஆகஸ்ட் 19-இல், பஞ்சு இறக்குமதிக்கு இருந்த 11 சதவீத வரியை மத்திய அரசு நிறுத்திவைத்தது. முதலில் செப்டம்பர் 30 வரை என்றது. பிறகு டிசம்பர் 31 வரை நீட்டித்தது. அந்த வாரங்களில் திருப்பூர், கோவை வட்டாரத்திலிருந்து வந்த கோரிக்கைகளைச் சேர்த்துவைத்துப் படித்தவர்களுக்குக் குழப்பம் வந்திருக்கும். பஞ்சு வணிகத்தில் அரசு குறுக்கே நிற்கக் கூடாது என்பது ஒரு கோரிக்கை. ஏற்றுமதியாளருக்கு வட்டி மானியமும் கடன் தவணைக்கு அவகாசமும் அரசு தர வேண்டும் என்பது அடுத்தது. இரண்டையும் கேட்டது பெரும்பாலும் ஒரே தரப்பு.

கட்டற்ற சந்தை, குறைந்த அரசு ஆகிய சொற்கள் கொங்கு நாட்டில் தாராளமாகப் புழங்குகின்றன. யாரையும் எதிர்பார்க்காமல் வளர்ந்த சீமை என்ற பெருமையோடு அவை எளிதில் ஒட்டிக்கொள்கின்றன. (1932-இல் அரசு கட்டிய பைக்காரா மின்நிலையம் இல்லாமல் கோவையின் ஆலைகள் அவ்வளவு வேகமாகப் பெருகியிருக்குமா, கீழ்பவானியும் பரம்பிக்குளம்-ஆழியாறும் யார் பணத்தில் வந்தன என்பதெல்லாம் அந்தப் பெருமைப் பேச்சில் வருவதில்லை.) அந்தச் சொற்களுக்குப் பின்னால் உள்ள கோட்பாடோ பெருமையைவிடக் கறாரானது. அதை முழுதாக ஏற்றால் நூற்பாலை, பனியன் கம்பெனி, தோட்டக்காரர், சாயப்பட்டறை என்று எல்லோருக்குமே ஏதோ ஒன்று கையைவிட்டுப் போகும். என்னென்ன போகும் என்று பார்ப்பதுதான் இக்கட்டுரையின் வேலை.

கோட்பாட்டின் அடிப்படை

ஆங்கிலத்தில் லிபர்டேரியன் எனப்படுபவர்களைத் தன்னுரிமைவாதிகள் என்று இங்கே சொல்வோம். தாராளவாதம் என்ற சொல் வேறு பல பொருள்களில் தேய்ந்துவிட்டது. இவர்களுடைய வாதம் நான்கு படிகளில் ஏறுகிறது.

1. ஒருவருடைய உடலும் உழைப்பும் அவருக்கே சொந்தம்.

2. உழைத்தோ, விலை கொடுத்தோ, கொடையாகவோ முறையாக வந்த பொருளும் அவ்வாறே சொந்தம்.

3. வயதுவந்த இருவர் மனமொத்துச் செய்துகொள்ளும் கொடுக்கல் வாங்கலில், மூன்றாமவருக்குச் சேதம் இல்லாதவரை, யாரும் தலையிடக் கூடாது.

4. பிறர் உடல்மீதும் பொருள்மீதும் முதலில் கைவைப்பது தவறு. அந்தத் தவறை அரசு செய்தாலும் தவறுதான்.

நான்காவது படியில்தான் இவர்கள் மற்றவர்களிடமிருந்து பிரிகிறார்கள். வழிப்பறிக்காரன் செய்தால் குற்றமாகிற ஒன்று, முத்திரை குத்திய தாளில் வந்தால் மட்டும் எப்படி நியாயமாகும் என்று கேட்கிறார்கள். நமக்கு இது புதிய கேள்வி அல்ல. வேலோடு வழியில் நின்றவன் 'கொடு' என்பதும் கோலோடு நின்றவன் கேட்பதும் ஒன்றுபோலத்தான் என்கிறது 552ஆம் குறள். அது கொடுங்கோன்மை அதிகாரத்தில் வருகிறது என்பதையும், 756ஆம் குறள் சுங்கப் பொருளை வேந்தனுக்கு உரியதாகவே ஏற்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். வள்ளுவர் வரியை மறுக்கவில்லை. தன்னுரிமைவாதிகளில் தீவிரமானவர்கள் மறுக்கிறார்கள். மிதமானவர்கள் காவல், நீதிமன்றம், நாட்டுப் பாதுகாப்பு ஆகிய மூன்றுக்கு மட்டும் வரி வாங்கிக்கொள்ளலாம் என்பார்கள். இதற்கு இராக்காவல் அரசு என்று பெயர்.

ஒரே முடிவுக்கு வரும் இரு வழிகள் இதில் உண்டு. அமெரிக்க மெய்யியலாளர் ராபர்ட் நோஸிக் 1974-இல் முன்வைத்தது உரிமை வழி: விளைவு நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒருவர் பொருளைப் பறிப்பது தவறு. பொருளியலாளர்களான ஹயேக், மில்டன் ஃப்ரீட்மன் ஆகியோருடையது விளைவு வழி: அரசு கைவைத்தால் காரியம் கெடும், சந்தை தன்னால் செய்யும். நம் ஊர் விவாதங்களில் இரண்டும் கலந்து வரும். விளைவைக் காட்டி மறுத்தால் உரிமைக்குத் தாவுவார்கள், உரிமையைக் கேள்வி கேட்டால் விளைவுக்குத் தாவுவார்கள். வாதாடுபவர் எந்த வழியில் நிற்கிறார் என்பதை முதலிலேயே பிடித்துவைத்துக்கொள்வது நல்லது.

நூல் கோன் விலை கொண்டுவரும் சேதி

விளைவு வழியின் மிக வலுவான வாதம் ஹயேக் 1945-இல் எழுதியது. ஒரு பொருளாதாரத்தை நடத்தத் தேவையான அறிவு எந்த ஓர் அலுவலகத்திலும் இல்லை. கோடிக்கணக்கானவர்களிடம் துண்டுதுண்டாகச் சிதறிக்கிடக்கிறது. அதைத் திரட்டிக் கொண்டுவரும் கருவி விலை.

2010-இல் பாகிஸ்தானில் பெருவெள்ளம் வந்து பருத்திக் காடுகள் அழிந்தன. வேறு காரணங்களும் சேர, உலகச் சந்தையில் பஞ்சு விலை ஏறிக்கொண்டே போய் 2011 மார்ச்சில் ஒரு பவுண்டு இரண்டு டாலரைத் தாண்டியது. பல்லடம் சாலையில் நிட்டிங் எந்திரம் ஓட்டுகிறவர் அந்த வெள்ளத்தைப் பற்றி எதுவும் படித்திருக்கத் தேவையில்லை. நூல் கோன் (கூம்பில் சுற்றிய நூல்) விலை ஏறியதும் கழிவைக் குறைக்கிறார், பாலியஸ்டர் கலந்த நூலுக்கு ஆர்டர் கிடைக்குமா என்று விசாரிக்கிறார், விலை கட்டாத ஆர்டரைத் திருப்பி அனுப்புகிறார். உலகில் பஞ்சு குறைவு என்ற உண்மைக்கு ஏற்ப அவர் நடந்துகொண்டுவிட்டார். எந்தச் சுற்றறிக்கையும் அவருக்கு வரவில்லை.

விலையைக் கட்டிப்போட்டால் இந்தச் சேதி அறுந்துபோகும் என்பதுதான் வாதம். 2010 டிசம்பரில் மத்திய அரசு அதைத்தான் செய்தது. அந்த நிதியாண்டுக்கான பருத்தி நூல் ஏற்றுமதிக்கு 72 கோடி கிலோ என்று வரம்பு கட்டியது. பனியன் தரப்பு மகிழ்ந்தது, நூற்பாலைகள் கொதித்தன. 2012 மார்ச் 5-இல் பஞ்சு ஏற்றுமதியையே தடைசெய்தார்கள். பருத்தி விளையும் மாநிலங்களிலிருந்து எதிர்ப்பு வெடித்ததும் ஒரு வாரத்துக்குள் திரும்பப் பெற்றார்கள். பஞ்சை விதைப்பதா வேண்டாமா என்று ஒரு விவசாயி முடிவுசெய்ய ஆண்டுக்கு ஒருமுறைதான் வாய்ப்பு வருகிறது. அந்த முடிவுக்கு அடிப்படையான விதி ஒரே வாரத்தில் இரண்டு முறை மாறியது.

ஒரு பனியனுக்குள் ஐந்து கோரிக்கைகள்

ஒரு பனியன் உருவாகும் வழியை வரிசையாக வைத்துப் பார்த்தால், யார் எந்த இடத்தில் சந்தையை விரும்புகிறார்கள் என்பது தெரியும்.

1. பருத்தி விவசாயி. இறக்குமதி வரி இருக்க வேண்டும். குறைந்தபட்ச ஆதரவு விலை உயர வேண்டும். ஏற்றுமதிக்குத் தடை கூடாது. 2025-26க்கு நீண்ட இழைப் பருத்தியின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு ரூ.8,110.

2. நூற்பாலை. பஞ்சு இறக்குமதிக்கு வரி கூடாது. நூல் ஏற்றுமதிக்குத் தடை கூடாது. வெளிநாட்டு நூலும் துணியும் உள்ளே வரக் கூடாது.

3. விசைத்தறிக்காரர். நூல் விலை இறங்க வேண்டும், அதற்காக ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த வேண்டும். சோமனூர், பல்லடம் பகுதியின் நெசவுக் கூலியை அதிகாரிகள் முன்னிலையில் ஒப்பந்தமாக்கி அமல்படுத்த வேண்டும். மின்கட்டணச் சலுகை தொடர வேண்டும்.

4. பனியன் உற்பத்தியாளர். நூல் எங்கிருந்தும் வரலாம். வங்கதேச ஆடை மட்டும் வரக் கூடாது.

5. ஏற்றுமதியாளர். எல்லா நாடுகளும் நமக்குக் கதவைத் திறக்க வேண்டும். கூடவே டிராபேக் (ஏற்றுமதிப் பொருளில் அடங்கிய வரியைத் திருப்பித் தருதல்), வட்டி மானியம்.

ஒவ்வொருவரும் வாங்குகிற பொருளில் கட்டற்ற சந்தையைக் கேட்கிறார், விற்கிற பொருளில் காவல் கேட்கிறார். இதை வஞ்சகம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு கேண்டி, அதாவது 356 கிலோ பஞ்சின் விலை சில ஆயிரம் ரூபாய் ஆடினால் மாதச் சம்பளம் போட முடியாத மில்கள் உண்டு. ஆனால் இதைக் கட்டற்ற சந்தைக் கொள்கை என்று அழைப்பது தவறு. உண்மையான தன்னுரிமைவாதி ஐவருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்வார்: வரியும் வேண்டாம், தடையும் வேண்டாம், மானியமும் வேண்டாம். அமெரிக்க வரியைக்கூட அவர் முதலில் அமெரிக்க நுகர்வோர்மீது விழுந்த அடி என்றுதான் பார்ப்பார். பதிலடியாக நாமும் வரி போடுவது நம் மக்களையே இரண்டாம் முறை அடிப்பது என்பார்.

டிராபேக்கைப் பற்றி ஒரு திருத்தம். அதையும் மானியத்தோடு சேர்த்துத் திட்டுவது வழக்கம். ஏற்றுமதிப் பொருளுக்குள் ஏற்கெனவே புதைந்திருக்கும் வரியைத் திருப்பித் தருவதுதான் அதன் நோக்கம். வாங்கிய வரியைத் திருப்பித் தந்தால் அது சலுகை ஆகாது. கட்டிய வரிக்கு மேல் தந்தால்தான் சலுகை தொடங்குகிறது. வட்டி மானியம் வேறு வகை. அந்தப் பணம் வேறொருவர் செலுத்தும் வரியிலிருந்து வருகிறது.

கண்ணுக்குத் தெரிகிறவரும் தெரியாதவரும்

அப்படியானால் வரியும் சலுகையும் ஏன் ஓய்வதில்லை? இரண்டு விளக்கங்கள் உண்டு. 1850-இல் பிரெஞ்சுக்காரர் ஃபிரெடரிக் பாஸ்தியா சொன்னது முதலாவது: ஒரு சட்டத்தால் பயன்பெறுபவர் கண்ணுக்குத் தெரிகிறார், அதனால் இழப்பவர் தெரிவதில்லை. பொருளியலாளர் ஜேம்ஸ் புக்கனன் முதலியோர் வளர்த்த பொதுத்தேர்வுக் கோட்பாடு இரண்டாவது: பயன் சிலரிடம் குவிகிறது, செலவு பலரிடம் சிதறுகிறது. குவிந்தவர்கள் சங்கம் வைத்து டெல்லிக்குப் போகிறார்கள். சிதறியவர்கள் பனியனுக்குக் கூடுதலாக எத்தனை ரூபாய் கொடுத்தோம் என்பதே தெரியாமல் வாங்கிப்போகிறார்கள்.

ஈரோடு மாவட்டத்தில் இதற்கு அருமையான சான்று இருக்கிறது. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் முதலில் 22 ரகங்களைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கியது. இப்போது 11 ரகங்கள் இருக்கின்றன. பவானி ஜமக்காளம் அந்த 11-இல் ஒன்று. சட்டத்தால் காப்பாற்றப்படுபவர் பவானியில் குழித்தறியில் கால் வைத்து உட்கார்ந்திருக்கும் நெசவாளர். அவரைப் படம் எடுக்கலாம். இந்தச் சட்டம் இல்லாவிட்டால் மலிவான ஜமக்காளத்தை நெய்திருக்கக்கூடிய விசைத்தறித் தொழிலாளியையோ, அதை வாங்கியிருக்கக்கூடிய ஏழைக் கல்யாண வீட்டையோ யாரும் படம் எடுக்க முடியாது. தன்னுரிமைவாதி அந்தப் படமில்லாதவர்களுக்காகப் பேசுவதாகச் சொல்கிறார். இங்கே அவர் வாதம் எனக்குப் பாதிதான் செல்லுபடியாகிறது. சட்டம் இருந்தும் பவானியில் தறிகள் குறைந்துகொண்டே வந்தன என்பது அவர் பக்கம். ஒரு கைத்தொழில் ஒருமுறை அழிந்தால் விலை ஏறியதும் திரும்பி வந்துவிடாது என்பது எதிர்ப்பக்கம். கோன் விலை சொல்லும் சேதியில் அந்த இழப்பு இடம்பெறுவதில்லை.

பூஜ்ய விலையும் ஆயிரம் அடி ஆழமும்

விவசாயப் பம்புசெட்டுக்குத் தமிழ்நாட்டில் மின்கட்டணம் இல்லை. இந்தச் சலுகைக்குப் பின்னால் இரத்தம் இருக்கிறது. மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் 1970-இல் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாராயணசாமி நாயுடு தலைமையில் 1972-இல் கோவைச் சாலைகளை மாட்டுவண்டிகள் நிறைத்தன. கொல்லப்பட்டவர்களின் நினைவுத்தூண் முன் நின்றுகொண்டு இலவச மின்சாரம் தவறு என்று சொல்லும் அரசியல்வாதி கொங்கில் பிறக்கவில்லை.

வாதத்தை மட்டும் பார்ப்போம். விலை பூஜ்யமானால் பற்றாக்குறை மறையாது, வேறு இடத்துக்குப் போகும். இங்கே இரண்டு இடங்களுக்குப் போயிற்று. ஒன்று, வரிசை. புதிய விவசாய இணைப்புக்கு மனு எழுதிப்போட்டுவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாதவர் தட்கல் திட்டத்தில் இலட்சங்களைக் கட்ட வேண்டும். இலவசப் பொருளுக்கு ஒரு விலை உருவாகிவிட்டது. இன்னொன்று, நிலத்தடி. அவிநாசி, பல்லடம் பக்கத்தில் ஆயிரம் அடிக்கு மேல் ஆழ்துளை போடுவது இன்று வியப்பான செய்தி அல்ல. ரிக் வண்டி இரவெல்லாம் ஓடி, வெள்ளைப் புழுதியாகப் பாறைத்தூள் வந்துகொண்டே இருக்கும். எண்ணூறு அடியில் ஈரம் காட்டவில்லை என்றால் இன்னும் இருநூறு போடலாமா என்று ஏஜென்ட் கேட்பார். அடிக்கு இவ்வளவு என்று ரிக்குக்குக் கட்டும் பணம் தோட்டக்காரருக்குத் தெரியும். அவ்வளவு ஆழத்திலிருந்து நீரைத் தூக்க மின்சாரம் எவ்வளவு ஆகும் என்ற கணக்கு அவரிடம் வருவதே இல்லை.

விவசாயிகளின் பதில் வலுவானது. வெங்காயம் விலை ஏறினால் ஏற்றுமதியைத் தடுக்கிறீர்கள், விளைபொருள் விலையை நகரத்துக்காக அமுக்குகிறீர்கள், அதற்கு ஈடாகத்தான் இந்த மின்சாரம். தன்னுரிமைவாதி இதை மறுக்கமாட்டார். இரண்டையும் ஒன்றாக எடுத்துவிடுங்கள் என்பார். முதலாவதை எடுக்காமல் இரண்டாவதை மட்டும் எடுக்கும் அரசுதான் வரும் என்பது விவசாயியின் சந்தேகம். அந்தச் சந்தேகம் பொய் என்று சொல்ல என்னிடம் சான்று இல்லை.

மின்கட்டணம் வைத்தால்கூட நிலத்தடி நீர்ச் சிக்கல் முழுதும் தீராது. நிலத்துக்கு உரியவர் தன் நிலத்தடி நீரை வேண்டியமட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்ற நிலை 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்திலிருந்து வருகிறது. நீரோ வரப்பு பார்த்து ஓடுவதில்லை. என் ஆழ்துளையில் ஏறுவது பக்கத்துத் தோட்டத்து நீர். எல்லை வகுக்க முடியாத சொத்து இந்தக் கோட்பாட்டின் இரண்டாம் படியிலேயே இடறுகிறது.

நாமக்கல் முட்டைக் கணக்கு

அரசு இல்லாவிட்டால் பெரியவர்கள் கூடி விலையைக் கட்டிவிடுவார்களே என்பது வழக்கமான எதிர்வாதம். 1982-இல் உருவான தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல் மண்டலத்துக்குப் பண்ணை விலையை அறிவிக்கிறது. அதற்குச் சட்ட பலம் இல்லை. பண்ணையாளர்கள் தாங்களாக வைத்துக்கொண்ட ஏற்பாடு. இதைத் தன்னார்வக் கூட்டுறவு என்று சிலர் கொண்டாடுகிறார்கள், விலைக்கூட்டணி என்று சிலர் முறைப்பார்கள். முட்டை தேங்கினால் நடப்பதைப் பாருங்கள். அறிவித்த விலையிலிருந்து இத்தனை பைசா 'மைனஸ்' என்று வியாபாரி கேட்கிறார். கூண்டில் கோழி இட்டுக்கொண்டே இருக்கிறது, கிடங்கில் இடமில்லை, பண்ணையாளர் கொடுத்துவிடுகிறார். சட்டம் தாங்கிப்பிடிக்காத விலைக்கூட்டணி தானாக ஓட்டையாகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

கள்ளும் ராஜாஜியும்

கோபாலபுரம் சோதனைச்சாவடிக்கு இந்தப்புறம் பொள்ளாச்சித் தோப்பு, அந்தப்புறம் கேரளத்தின் சித்தூர் வட்டத்துத் தோப்பு. மண், காற்று, மர ரகம் எல்லாம் ஒன்று. அந்தப்புறம் பாளையில் முட்டி கட்டிக் கள் இறக்கினால் உரிமம் பெற்ற தொழில். இந்தப்புறம் அதையே செய்தால் வழக்கு. தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை இருக்கிறது. மறுபுறம் 2003 நவம்பர் முதல் மதுவின் சில்லறை விற்பனை முழுவதும் அரசு நிறுவனமான டாஸ்மாக்கின் கையில் இருக்கிறது. 2024-25-இல் அதன்வழி அரசுக்கு வந்த வருவாய் ரூ.48,344 கோடி.

தன்னுரிமைவாதத்துக்கு இதைவிடச் சுலபமான வழக்கு அமையாது. மரம் விவசாயியுடையது, உழைப்பு மரமேறியுடையது, குடிப்பவர் வயதுவந்தவர். விற்பனையில் தனியுரிமை வைத்திருக்கும் அரசே, போட்டிப் பொருளைச் சட்டத்தால் தடுக்கும் அதிகாரத்தையும் வைத்திருக்கிறது. கள் வேண்டும் என்று கேட்கும் கொங்கு விவசாய இயக்கங்கள் இந்த வாதத்தை வேறு சொற்களில் நெடுநாளாகச் சொல்லிவருகின்றன. எதிர்ப்பக்கத்தில் நிற்பவை கலப்படமும், குடியால் சிதைந்த வீடுகளும். கலப்படம் மோசடி, அதைத் தண்டிப்பது இராக்காவல் அரசின் வேலைதான் என்பது இவர்களின் பதில். சிதைந்த வீட்டுக்கு இவர்களிடம் உள்ள பதில் மெலிவானது. குடித்தவர் மனமொத்துக் குடித்தார், அவர் பிள்ளை எதற்கும் ஒப்பவில்லை.

இந்த இடத்தில் ராஜாஜியைப் பேசாமல் முடியாது. சேலத்தில் வக்கீலாக இருந்து, 1917-இல் அந்நகராட்சியின் தலைவரானவர். எதற்கும் அரசின் உரிமமும் அனுமதியும் ஒதுக்கீடும் வேண்டும் என்ற ஆட்சிமுறைக்கு 'லைசென்ஸ்-பர்மிட்-கோட்டா ராஜ்' என்ற பெயரை இந்தியாவுக்குத் தந்தவர். 1952-இல் சென்னை மாநிலத்தின் உணவுக் கட்டுப்பாட்டைத் துணிந்து நீக்கியவர். 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். 1967 மக்களவைத் தேர்தலில் அக்கட்சி 44 இடங்களை வென்றது. தனியார் முயற்சிக்காக அவ்வளவு வாதாடிய அதே மனிதர்தான் 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். கள்ளால் வந்த வருவாய் போனதை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரியையும் புகுத்தினார். 1971-இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டபோது, தொண்ணூறைக் கடந்த வயதில் கொட்டும் மழையில் முதல்வர் கருணாநிதியின் வீட்டுக்கே போய் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சென்னையில் அந்த வீடு இருந்த இடத்தின் பெயரும் கோபாலபுரம்.

ராஜாஜி சந்தையை நம்பினார், சாராயத்தை வெறுத்தார். தன்னுரிமைவாதியின் கணக்கில் அவர் பாதிதான் தேறுவார். கொங்கில் சந்தைக்காகப் பேசுகிற பலரும் இந்தப் பாதியில்தான் நிற்கிறார்கள்: தொழிலில் அரசு வேண்டாம், ஒழுக்கத்தில் அரசு வேண்டும். இதைப் பழைமைவாதம் என்பதே சரி.

நொய்யல்

இனி முக்கியமான சோதனைக்கு வருவோம். குறைந்த அரசு என்றால் சுற்றுச்சூழல் விதியும் குறையும் என்று தொழில் தரப்பு நினைக்கிறது. எதிர்ப்பாளர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கோட்பாடு சொல்வது வேறு. நான்காவது படியைத் திரும்பப் படியுங்கள்: பிறர் பொருள்மீது முதலில் கைவைப்பது தவறு. சாயக்கழிவு அடுத்தவர் கிணற்றில் இறங்குவது, அவர் வீட்டுக்குள் கதவை உடைத்து நுழைவது போன்றதே. முர்ரே ராத்பார்ட் என்ற மிகத் தீவிரமான சந்தைவாதி 1982-இல் மாசைப் பற்றி எழுதியபோது இந்த அத்துமீறல் வாதத்தைத்தான் வைத்தார். வேலைவாய்ப்பு, அந்நியச் செலாவணி என்று எதைக் காட்டியும் அத்துமீறலை நியாயப்படுத்த முடியாது. 'ஊர் நன்மைக்காக உன் கிணறு கெடட்டும்' என்பது அவர்கள் வெறுக்கும் அரசின் குரல்.

முதலில் யார் இருந்தார் என்று பார்ப்பதும் அவர்கள் வழக்கம். ஆலை முதலில் இருந்து, பிறகு ஒருவர் பக்கத்தில் குடிவந்து புகைகிறது என்று சொன்னால் அது செல்லாது. நொய்யலில் இந்தச் சாக்கும் கிடையாது. அந்த ஆற்றின் அணைக்கட்டுகளும் வாய்க்கால்களும் குளங்களும் பல நூற்றாண்டுப் பழையவை. சாயப்பட்டறைகள் பெருகியது ஏற்றுமதி வளர்ந்த 1980களுக்குப் பிறகு.

நடந்ததை வரிசைப்படுத்துவோம்.

1. 1992-இல் ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிந்தது. பாசனத்துக்காகக் கட்டிய அணையில் சாயக்கழிவு தேங்கியது. தண்ணீரைத் திறந்துவிடுங்கள் என்று கேட்க வேண்டிய ஆயக்கட்டு விவசாயிகள், திறக்காதீர்கள் என்று கேட்டார்கள்.

2. நொய்யல் ஆயக்கட்டுதாரர் சங்கம் நீதிமன்றம் போனது. 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவை வெளியேற்றும் பட்டறைகளுக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி ஏறிக்கொண்டே போகும் அபராதம் விதித்தது. மாசுக்கு முதன்முறையாக ஒரு விலை வந்தது.

3. 2009-இல் உச்ச நீதிமன்றம், துளிக்கழிவும் வெளியேறாத நிலையை எட்ட வேண்டும் என்பதை உறுதிசெய்தது.

4. அது நடக்காததால் 2011 ஜனவரி 28-இல் எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் மூடச்சொல்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்டவை மூடப்பட்டன. சாயம் ஏற்றாத கோரா துணியை ஏற்றிக்கொண்டு வண்டிகள் வெளியூர்களுக்கும் வெளிமாநிலங்களுக்கும் அலைந்தன.

5. பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை மேம்படுத்த மாநில அரசு ரூ.200 கோடி வட்டியில்லாக் கடன் தந்தது.

இராக்காவல் அரசின் ஆதரவாளர் இந்த வரிசையில் நான்காவதைக் கைதட்டி வரவேற்க வேண்டும், ஐந்தாவதை எதிர்க்க வேண்டும். கொங்கின் சந்தைவாதிகள் பெரும்பாலும் நான்காவதைச் சபித்தார்கள், ஐந்தாவதைக் கேட்டுப் பெற்றார்கள்.

கோட்பாட்டுக்கும் இங்கே ஒரு காயம் உண்டு. அது தன் முழுச் சுமையையும் நீதிமன்றத்தின் தோளில் வைக்கிறது: சேதப்பட்டவர் வழக்குப் போடுவார், சேதம் செய்தவர் ஈடு கட்டுவார், அந்த அச்சத்தால் அடுத்தவர் திருந்துவார். எழுநூறு பட்டறைகளில் எந்தப் பட்டறையின் எந்த உப்பு என் கிணற்றில் இறங்கியது என்று எந்த விவசாயி நிரூபிப்பார்? பொருளியலாளர் ரொனால்ட் கோஸ் 1960-இலேயே இதைச் சொல்லிவிட்டார். பேரம் பேசவும் வழக்காடவும் ஆகும் செலவு அதிகமானால், உரிமை காகிதத்தில் தங்கிவிடும். நொய்யல் விவசாயிகளின் இழப்பை மதிப்பிட்ட ஆணையம் 28,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு நிர்ணயித்த ஈடு மொத்தம் ரூ.25 கோடிக்குச் சற்றுக் குறைவு. தலைக்குச் சராசரியாக ஒன்பதாயிரம் ரூபாய்கூட வரவில்லை. நல்ல கறவை எருமை வாங்கவும் அந்தத் தொகை போதாது. இவ்வளவு மலிவான ஈட்டுக்கு எந்தப் பட்டறையும் அஞ்சித் திருந்தாது. திருத்தியது மூடல் ஆணைதான், அதுவும் இருபது ஆண்டு கழித்து.

முதல் பத்திரம்

கடைசியாக, அதிகம் பேசப்படாத ஒன்று. முறையாக வந்த சொத்து என்ற இரண்டாம் படி எல்லாவற்றையும் தாங்கி நிற்கிறது. முறைகேடாக வந்திருந்தால்?

செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் தந்த அறிக்கையை அடுத்து, 1892-இல் பிரிட்டிஷ் அரசு தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிலம் வழங்க ஆணையிட்டது. இவைதாம் பஞ்சமி நிலங்கள். முதல் பத்து ஆண்டு விற்கக் கூடாது, பிறகும் அவர்களுக்குள்ளேயேதான் கைமாற வேண்டும் என்பது நிபந்தனை. தமிழ்நாடெங்கும் அவற்றில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போய்விட்டது. மேலோட்டமான சந்தைவாதி நிபந்தனையைத்தான் குறைசொல்வார்: விற்கும் உரிமை இல்லாத சொத்து எப்படிச் சொத்தாகும்? கோட்பாட்டைக் கறாராகப் படிப்பவர் வேறு கேள்வி கேட்க வேண்டும்: மிரட்டியோ ஏமாற்றியோ கடனில் அமுக்கியோ கைமாறிய நிலத்தின் மீது இன்று நிற்கும் ஆலைக்கும் வீட்டுமனைக்கும் பத்திரம் எப்படிச் செல்லும்?

நோஸிக் இதைத் தவிர்க்கவில்லை. அவருடைய நீதிக் கோட்பாட்டில் மூன்றாவது உறுப்பாகப் பழைய அநீதியைச் சரிசெய்தல் என்று ஒன்று இருக்கிறது. எப்படிச் சரிசெய்வது என்று முழுமையாகச் சொல்ல வழியில்லை என்றும் ஒப்புக்கொண்டார். ஆனால், கடந்தகால அநீதிகள் மிகப் பெரியவையாக இருந்தால், அவற்றைச் சரிசெய்யக் குறுகிய காலத்துக்கேனும் விரிந்த அதிகாரம் கொண்ட அரசு தேவைப்படலாம் என்று எழுதிவைத்திருக்கிறார், இராக்காவல் அரசுக்கு அப்பால் எதுவும் கூடாது என்று வாதாடிய அதே நூலில்.